மழையில் மிதிப்பவரின் கால்சட்டை

பூந்தமல்லியை அடுத்த கரையான்சாவடியில் ஆவடிச் சாலை டிரங்க் சாலையோடு சேர்கிறது. அங்கிருந்து மேற்கே நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் காஞ்சிபுரத்தையும் வேலூரையும் நோக்கி நீளும் பெங்களூரு நெடுஞ்சாலை, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் வாழும் நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணிகளுக்கு இயல்பாக அமைந்த வழி. வெயில் தணிந்து நாள் முழுதும் மிதிப்பதற்கு ஏற்றதாக இருக்கும் மாதங்களே வடகிழக்குப் பருவமழையின் மாதங்களாகவும் இருப்பதால், இவ்வழியில் நூறு கிலோமீட்டரும் இருநூறு கிலோமீட்டரும் செல்பவர்கள் மழைக்கு ஆயத்தமாகவே புறப்பட வேண்டியிருக்கிறது. சென்னை ஓராண்டில் பெறும் ஏறத்தாழ 1,400 மி.மீ. மழையில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் மட்டும் 47 செ.மீ. பதிவாயிற்று. அத்தகைய நாளில் மிதிவண்டியை வெளியே எடுப்பதே தவறு. ஆனால் ஒரு மணி நேரம் அடித்துப் பெய்து, சற்று ஓய்ந்து, மீண்டும் தூறும் வழக்கமான நவம்பர் மழையில் கால்களுக்கு எதை அணிவது என்பது பலருக்கும் எழும் கேள்வி. அதற்குக் கடைகளில் கிடைக்கும் விடை பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்காகத் தைக்கப்பட்ட மழைக் கால்சட்டைதான்.

மோட்டார் சைக்கிளில் செல்பவரின் கால்கள் அசையாமல் இருக்கின்றன. மிதிவண்டியில் செல்பவரின் கால்களே வண்டியை இயக்கும் எந்திரம். இந்த ஒரு வேறுபாடு மழை உடையைப் பற்றிய கணக்கு முழுவதையும் மாற்றிவிடுகிறது. மனிதத் தசை, உணவிலிருந்து பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காட்டை மட்டுமே இயக்க வேலையாக மாற்ற வல்லது, எஞ்சியது வெப்பமாகிறது. சமதளச் சாலையில் நிதானமாகச் செல்பவர் பெடல்களின் மீது 100 வாட் அளவில் வேலை செய்கிறார் என்று கொண்டால், அவர் உடலில் அதே நேரத்தில் 300 முதல் 400 வாட் வரை வெப்பம் உண்டாகிக்கொண்டிருக்கும். அந்த வெப்பத்தின் பெரும்பகுதி தொடைகளிலும் கெண்டைக்கால்களிலும் உள்ள தசைகளில் பிறக்கிறது. ஒரு கிராம் வியர்வை தோலின் மீது ஆவியாகும்போது ஏறத்தாழ 2,430 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நீர் நிலையிலிருந்து ஆவி நிலைக்கு மாறுவதற்குத் தேவைப்படும் இந்த வெப்பத்தை உள்ளுறை வெப்பம் என்பர். 300 வாட் வெப்பத்தை வியர்வையால் மட்டுமே வெளியேற்ற வேண்டுமானால், மணிக்கு 440 கிராமுக்கு மேல் வியர்வை ஆவியாக வேண்டும் என்பது எளிய வகுத்தல் கணக்கில் கிடைக்கும் விடை. ஆகவே மிதிவண்டிக்காரரின் கால்சட்டை இரண்டு நீர்களோடு மல்லுக்கட்டுகிறது: வெளியிலிருந்து வரும் மழைநீர் ஒன்று, உள்ளிருந்து வரும் வியர்வை மற்றொன்று. முதலாவதை முற்றிலும் தடுத்து இரண்டாவதை உள்ளேயே தேக்கி வைக்கும் உடையை அணிந்தவர், மழையில் நனையாமலே நனைந்துபோகிறார்.

மழை காலின் எந்தப் பகுதியில் விழுகிறது என்பதும் நின்றுகொண்டிருப்பவருக்கும் மிதிப்பவருக்கும் ஒன்றல்ல. விழும் துளியின் எடையும் காற்றின் தடையும் சமமான பிறகு துளி மாறாத வேகத்தில் விழுகிறது. இதை முற்றுத் திசைவேகம் என்பர். 2 மி.மீ. விட்டமுள்ள துளிக்கு இது வினாடிக்கு ஏறத்தாழ 6.5 மீட்டர், 5 மி.மீ. பெருந்துளிக்கு 9 மீட்டர், அரை மி.மீ. தூறல் துளிக்கு 2 மீட்டர். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் செல்லும் மிதிவண்டி வினாடிக்கு 5.6 மீட்டர் முன்னேறுவதால், காற்றே இல்லாத நாளிலும் சாதாரண மழை செங்குத்திலிருந்து 40 பாகை சாய்ந்தும், தூறல் 70 பாகை சாய்ந்தும் அவரைத் தாக்கும். பெடல் மேலே வரும்போது தொடை ஏறத்தாழக் கிடைமட்டமாகி மழையை நேராக ஏற்கிறது. முழங்காலும் முன்னங்காலும் சாய்ந்து வரும் துளிகளை ஏற்கின்றன. தொடையின் பின்புறமும் கெண்டைக்காலும் மேலிருந்து வரும் மழையைப் பெரும்பாலும் காண்பதே இல்லை. ஐரோப்பாவில், குறிப்பாக நெதர்லாந்தில், தொடையின் முன்புறத்தை மட்டும் மறைத்துப் பின்புறத்தைத் திறந்துவிடும் மடிப்புத் துணிகள் புழக்கத்துக்கு வந்ததற்கு இந்த வடிவியலே காரணம். இருக்கையில் சுருட்டி வைக்கக்கூடிய அளவே உள்ள அந்த எளிய கருவி, முழுக் கால்சட்டையை விடப் பல சூழல்களில் அறிவார்ந்தது.

துணிக்குள் நீர் புகாமல் செய்யும் முயற்சியின் நவீன வரலாறு 1823இல் தொடங்குகிறது. கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் மேக்கின்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நாஃப்தா என்னும் கரைப்பானில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு இடையே அதைப் பூசி ஒட்டி, நீர்புகாத துணிக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் சுரேந்திர மோகன் போஸ் கொல்கத்தாவில் 1920இல் நிறுவிய பெங்கால் வாட்டர்ப்ரூஃப் ஒர்க்ஸ் வழியாக 'டக்பேக்' மழைக்கோட்டு பரவலாக அறிமுகமாயிற்று. ரப்பர் பூச்சுக்குப் பின் வந்த பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் பூச்சு விலையைக் குறைத்தது. மழைக்காலம் தொடங்கியதும் பூந்தமல்லி டிரங்க் சாலையோரக் கடைகளில் தொங்கும் மேற்சட்டை–கால்சட்டைச் சோடிகளில் பல இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றில் துளையே இல்லாததால் மழைநீர் புகாது. அதே காரணத்தால் வியர்வையின் ஆவியும் வெளியேறாது. பத்து நிமிடப் பயணத்துக்கு இது ஒரு குறையன்று. ஐந்து மணி நேரம் மிதிப்பவருக்கு இது பொருந்தவே பொருந்தாது.

இரண்டு நீர்களையும் ஒரே துணியில் கையாள முடியும் என்ற நம்பிக்கை 1969இல் பிறந்தது. அமெரிக்கரான ராபர்ட் கோர், சமையல் பாத்திரங்களில் ஒட்டாமைக்காகப் பூசப்படும் அதே பி.டி.எஃப்.இ. என்னும் பொருளின் சூடாக்கிய தண்டை மெதுவாக இழுத்து நீட்ட முயன்று, தண்டு அறுந்துகொண்டே இருந்ததால், ஒரே வீச்சில் வேகமாக இழுத்தபோது அது பல மடங்கு நீண்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிரம்பிய படலமாக மாறியது. 'கோர்-டெக்ஸ்' என்ற பெயரில் 1976இல் விற்பனைக்கு வந்த அப்படலத்தின் துளைகள் நீர்த்துளியை விட மிகமிகச் சிறியவை, தனித்த நீராவி மூலக்கூறை விடப் பல நூறு மடங்கு பெரியவை. ஆயினும் துளை சிறியது என்பது மட்டும் நீரைத் தடுப்பதில்லை. பருத்தி நூலிலும் நுண்ணிய துளைகள் உண்டு, அவை நீரை உறிஞ்சவே செய்கின்றன. வேறுபாடு பரப்பு இழுவிசையில் இருக்கிறது. நீர்த்துளியின் புறப்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ள முயலும் விசை அது. துளி ஒரு பரப்பைத் தொடும் இடத்தில் உண்டாகும் கோணத்தைச் சேர்கோணம் என்பர். அது 90 பாகைக்குக் குறைவான பரப்பில் நீர் பரவி உள்ளே நுழையும், அதற்கு மேற்பட்ட பரப்பில் நீர் திரண்டு வெளியே நிற்கும். பி.டி.எஃப்.இ. மீது சேர்கோணம் ஏறத்தாழ 110 பாகை. இத்தகைய பொருளில் ஒரு மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளை வழியாக நீரைத் திணிக்க வேண்டுமானால், ஏறத்தாழ 10 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம் வேண்டும்.

உடையின் சீட்டில் அச்சிடப்படும் 5,000 மி.மீ., 10,000 மி.மீ., 20,000 மி.மீ. போன்ற எண்கள் இதையே குறிக்கின்றன. துணியின் மீது நீர்த்தம்பத்தை நிறுத்தி, அது கசியத் தொடங்கும் உயரத்தை அளந்தால் கிடைப்பது அந்த எண். மிதிவண்டிக்கு எவ்வளவு போதும்? 5 மி.மீ. பெருந்துளி, வண்டியின் வேகமும் சேர்ந்து வினாடிக்கு 10 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மோதும்போது, கணத்தில் ஒரு சிறு பங்கு நேரத்துக்கு 5 மீட்டருக்கும் மேற்பட்ட நீர்த்தம்பத்துக்கு இணையான அழுத்தத்தைத் தருகிறது. சிறு துளிகள் தருவது அதில் பாதியும் இல்லை. இருக்கையில் நிலைமை வேறு. உடல் எடையில் 40 கிலோ 150 சதுர செ.மீ. பரப்பில் தாங்கப்படுவதாகக் கொண்டால், அழுத்தம் 2.7 மீட்டர் நீர்த்தம்பத்துக்கு இணை. இடுப்பெலும்பு பதியும் இடங்களில் அது இன்னும் கூடும், துளியின் அழுத்தத்தைப் போல நொடியில் மறையாமல் மணிக்கணக்கில் நீடிக்கும். எனவே 10,000 மி.மீ. எண்ணுள்ள துணி எந்த மிதிவண்டிக்கும் தாராளமாகப் போதும். 20,000க்கும் 30,000க்கும் கூடுதல் விலை கொடுப்பதில் பயனில்லை. துணியை விடத் தையலே முதலில் தோற்கிறது. ஊசி நுழைந்த ஒவ்வோர் இடமும் ஒரு துளை. அதன்மேல் உட்புறமாக நாடா ஒட்டப்படாத கால்சட்டை எத்தனை ஆயிரம் மி.மீ. என்று சொல்லிக்கொண்டாலும் ஒழுகும். நான்கு தையல்கள் ஒன்றுகூடும் கவட்டுப் பகுதி, இருக்கையோடு ஓயாமல் உரசும் இடமாகவும் இருப்பதால், கால்சட்டையை வாங்கும்போது உட்புறத்தைத் திருப்பி முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுவே. அங்கே தையல்கள் ஒரே புள்ளியில் கூடுவதைத் தவிர்த்து முக்கோணத் துண்டு வைத்துத் தைத்திருந்தால் அது நல்ல வேலைப்பாடு.

உடையின் சீட்டில் இரண்டாவதாக ஓர் எண் இருக்கும்: ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவியைக் கடத்தும் என்பதை அது சொல்கிறது. 10,000, 15,000, 20,000 கிராம் என்று வரும் இவ்வெண்களைப் பார்த்து, மணிக்கு 440 கிராம் வியர்வை இதற்கு ஒரு பொருட்டா என்று வாங்குபவர் எண்ணிவிடுகிறார். சென்னை வாசகர் இவ்விடத்தில் நின்று கவனிக்க வேண்டியது, நீராவி தானாகத் துணியைத் தாண்டிப் போவதில்லை என்பதே. உள்ளே ஆவி அழுத்தம் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருந்தால்தான் அது வெளியேறும். அவ்விரண்டின் வேறுபாடே அதைத் தள்ளும் விசை. இவ்வெண்ணை அளக்கும் ஜப்பானியச் சோதனை முறை ஒன்றில், துணியின் ஒரு புறம் நீரைத் தொட்டிருக்க, மறுபுறம் ஈரத்தை உறிஞ்சும் பொட்டாசியம் அசிட்டேட் உப்பு வைக்கப்படுகிறது. பாலைவனக் காற்றை ஒத்த வறட்சியில் கிடைக்கும் எண் அது.

நவம்பர் மழையில் கரையான்சாவடியின் காற்று அப்படிப்பட்டதன்று. தோலின் வெப்பநிலை 34 பாகை செல்சியஸ் என்று கொண்டால், ஈரமான தோலின் மீது ஆவி அழுத்தம் 5.3 கிலோபாஸ்கல். 25 பாகையும் 95 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள மழைக்காற்றில் அது 3 கிலோபாஸ்கல். வேறுபாடு 2.3 மட்டுமே. அதே ஆள், அதே உடையோடு, 12 பாகையில் மழை பெய்யும் உதகமண்டலத்தில் மிதித்தால், வெளிக்காற்றின் ஆவி அழுத்தம் 1.3 ஆகவும் வேறுபாடு 4 ஆகவும் இருக்கும். ஒரே கால்சட்டை, உதகையில் கடத்தும் வியர்வையில் பாதியைச் சற்றே தாண்டிய அளவைத்தான் பூந்தமல்லியில் கடத்தும். இதற்கு மேல், தோலுக்கும் துணிக்கும் இடையில் அசைவற்று நிற்கும் காற்றடுக்கும் ஆவியைத் தடுக்கிறது. மூச்சுவிடும் துணி என்று விளம்பரப்படுத்தப்படும் உடைகள் குளிர்நாட்டு மழையை மனத்தில் கொண்டு உருவானவை. அங்கே அவை உண்மையிலேயே பயன்படுகின்றன, வெப்பமண்டலக் கடற்கரையில் அவற்றின் பயன் சுருங்கிவிடுகிறது. இது பொருளின் குறையன்று, இயற்பியலின் நிபந்தனை.

இன்னொரு தடையும் உண்டு. நீர்புகாத படலத்தின் வெளிப்புறத்தில் நைலான் அல்லது பாலியெஸ்டர் துணி ஒன்று காப்பாக ஒட்டப்பட்டிருக்கும். அதன்மேல் நீரை உருட்டிவிடும் வேதிப்பூச்சு இருக்கும். புது உடையில் மழைத்துளி தாமரை இலை மேல் போல உருண்டோடுவது இப்பூச்சினால். இருக்கையின் உராய்வும் சேறும் சோப்பின் எச்சமும் இதைத் தேய்த்துவிட்டால், வெளித்துணி நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். அப்போது மழைநீர் உள்ளே வருவதில்லை; ஆனால் வெளிப்பரப்பு முழுதும் ஒரு நீர்ப்படலமாகிவிடுவதால் வியர்வை வெளியேறுவது பெரிதும் குறைந்து, குளிர்ந்த துணியின் உட்புறத்தில் ஆவி மீண்டும் நீராகி ஒட்டிக்கொள்கிறது. அணிந்தவர் துணி ஒழுகுவதாகவே நம்புகிறார். மென்மையான திரவ சோப்பால் அலசி, நன்றாக நீரூற்றிச் சோப்பை நீக்கி, உடைச்சீட்டு அனுமதிக்கும் மிதமான சூட்டில் உலர்த்தினால் பூச்சு ஓரளவு புத்துயிர் பெறும். இப்பூச்சுகளில் நெடுங்காலம் பயன்பட்ட புளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடுவதால், உலகெங்கும் நிறுவனங்கள் அவற்றைக் கைவிட்டு வருகின்றன. அது வரவேற்கத்தக்க மாற்றமே. புதிய பூச்சுகள் நீரை நன்றாக விலக்கினாலும் எண்ணெயை விலக்குவதில்லை. செயின் எண்ணெய் படும் வலக்கால் விளிம்பை அடிக்கடி கழுவ வேண்டும் என்பது இதனால் வரும் சிறு கூடுதல் வேலை.

அப்படியானால் சமவெளி மழையில் என்ன அணிவது? 25 பாகைக் காற்றில், கால்கள் தாமே வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கும் வரை, நனைந்த கால் ஆபத்தான கால் அன்று. நனைந்த தோலிலிருந்து காற்று எடுத்துச் செல்லும் வெப்பமும் தசைகள் தரும் வெப்பமும் ஏறத்தாழ ஈடாகிவிடுகின்றன. ஆகவே சென்னையிலிருந்து வேலூர் வரையிலான வழியில், கால்களை நனையவிட்டு, விரைவில் உலரும் உடையை அணிவதே பெரும்பாலான நாட்களில் சரியான முடிவு. உலரும் வேகம் இழையைப் பொறுத்தது. 20 பாகையும் 65 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் பருத்தி இழை தன் எடையில் ஏறத்தாழ 8.5 விழுக்காடு நீரைத் தன்னுள் வைத்திருக்கும், நைலான் 4 விழுக்காடு, பாலியெஸ்டர் 0.4 விழுக்காடு. மழையில் முற்றிலும் நனைந்த ஜீன்ஸ் கால்சட்டையோ தன் எடைக்கு நிகரான நீரைச் சுமந்து, ஒவ்வொரு மிதிக்கும் முழங்காலைப் பற்றி இழுக்கும். அது நெடும்பயணத்துக்கு எவ்வகையிலும் ஏற்றதன்று. பாலியெஸ்டர் அல்லது நைலானோடு மீள்இழை சேர்த்துப் பின்னிய, தோலோடு ஒட்டிய முழங்கால் அளவு சைக்கிள் கால்சட்டை, மழை நின்ற பிறகு மிதிக்கும் காற்றிலேயே விரைவாக உலர்ந்துவிடும். வேட்டியையும் லுங்கியையும் மடித்துக் கட்டி முழங்காலுக்குக் கீழே காலை வெறுமையாக விட்டு மழையில் சைக்கிள் மிதித்த பழைய தலைமுறையின் பழக்கத்தில், துணி பருத்தியாக இருந்தாலும், இந்த அறிவு இருந்தது: உலர வேண்டிய பரப்பில் பெரும்பகுதி தோலாகவே இருக்கட்டும் என்பதே அது.

சமவெளி மழையில் நனைவதில் உண்மையான தீங்கு குளிரால் வருவதில்லை, உராய்வால் வருகிறது. தோலின் மேலடுக்கு நீரை உறிஞ்சி ஊறியதும் மென்மையாகி, துணியோடு அதன் உராய்வு உலர்ந்த நிலையை விட இரு மடங்கும் அதற்கு மேலும் உயர்ந்துவிடும். நிமிடத்துக்கு 80 முறை மிதிப்பவரின் உட்தொடை இருக்கையின் விளிம்பை ஒரு மணி நேரத்தில் 4,800 முறை உரசுகிறது. தோல் சிவந்து, தடித்து, புண்ணாவது இதனால். உலகெங்கும் ஆடாக்ஸ் என்னும் மிதிவண்டிப் பயண விதிகளின்படி நடக்கும் நெடும்பயணங்களில் 200 கி.மீ. தொலைவுக்குப் பதின்மூன்றரை மணி நேரமும் 600 கி.மீ. தொலைவுக்கு 40 மணி நேரமும் வரம்பாக உண்டு. இந்தியாவிலும் அவை ஆண்டுதோறும் நடத்தப்படுகின்றன. அவ்வளவு நேரம் ஈரத்தில் உட்கார்ந்திருக்கும் தோலுக்கு, நீரைத் தேக்காத செயற்கை இழைத் திண்டு தைத்த கால்சட்டையும், புறப்படும் முன் பூசிக்கொள்ளும் பெட்ரோலியம் ஜெல்லி போன்ற களிம்பும், பையில் நீர்புகாத உறையில் வைத்த ஒரு மாற்றுக் கால்சட்டையும் தரும் காப்பை எந்த விலையுயர்ந்த படலமும் தராது. ஒட்டிய கால்சட்டைக்குள் உள்ளாடை அணியக் கூடாது என்ற அறிவுரை, கூடுதல் தையல்களும் கூடுதல் ஈரமும் வேண்டாம் என்பதனால் எழுந்ததே.

காலை நனைக்கும் நீர் மேலிருந்து மட்டும் வருவதில்லை. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டியின் சக்கரத்தின் மேல்விளிம்பு சாலையைப் பொறுத்து மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் முன்னோக்கி நகர்கிறது. டயர் அள்ளிக்கொண்ட நீர் அவ்வேகத்தோடு தெறித்து, முன்சக்கரத்திலிருந்து பாதத்துக்கும் முன்னங்காலுக்கும், பின்சக்கரத்திலிருந்து இருக்கைக்கும் முதுகுக்கும் வந்து சேர்கிறது. மழை நின்ற பிறகும் இது நிற்பதில்லை. சாலை உலரும் வரை தொடர்கிறது. மழைநீர் தூயது, சாலைநீரில் மணலும் டீசல் எண்ணெயும் கழிவுநீரும் கலந்திருக்கும். சிறுமணல் துணியையும் திண்டையும் அராவுகிறது. தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் வழியாகக் கலந்திருக்கக்கூடிய லெப்டோஸ்பைரா கிருமி, காலில் உள்ள சிறு சிராய்ப்பு வழியாகவும் உடலுக்குள் நுழைந்து எலிக்காய்ச்சலை உண்டாக்க வல்லது. எனவே புண் உள்ள காலோடு தேங்கிய நீரில் இறங்கக் கூடாது. பயணம் முடிந்ததும் சோப்பால் காலைக் கழுவுவதை மறக்கக் கூடாது.

இந்தக் கீழ்மழைக்குத் தீர்வு கால்சட்டையில் இல்லை, வண்டியில் இருக்கிறது. முருகப்பா குழுமம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூர்த் தொழிற்சாலையில் செய்த ஹெர்குலிஸ் வண்டிகளில், டயரை ஏறத்தாழ அரைவட்டத்துக்கு மூடும் இரும்பு மட்கார்டும் செயின் கவரும் வண்டியோடு சேர்ந்தே வந்தன. வேகத்தையும் எடைக்குறைவையும் விரும்பும் இன்றைய கியர் சைக்கிள்களில் பல இவ்விரண்டும் இல்லாமலே விற்கப்படுகின்றன. மட்கார்டைப் பூட்டத் திருகுத்துளை கூட இல்லாத சட்டங்களும் உண்டு. பாதத்தின் உயரம் வரை தொங்கும் ரப்பர் மடல் பொருத்திய முழுநீள மட்கார்டு, நனையும் கால்களைக் காப்பதில் ஒரு கால்சட்டைக்கு நிகரான பணியைச் செய்கிறது. வியர்வையைத் தடுப்பதும் இல்லை. மழைக்காகச் செலவிட எண்ணியிருக்கும் பணத்தில் முதல் பங்கு அதற்கே போக வேண்டும்.

மலை ஏறும் பயணத்தில், கால்களை நனையவிடலாம் என்ற முடிவு தலைகீழாகிறது. உயரம் ஒரு கிலோமீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறைகிறது. பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே தொடர்ந்து சென்று, 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி அடையும் ஏலகிரி, கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டர் அளவில் இருக்கிறது; உதகமண்டலம் 2,240 மீட்டரில் இருக்கிறது. ஏற்றத்தில் கால் மிகுந்த வெப்பத்தை உண்டாக்குவதால் எந்த மழையுடையும் தாங்க முடியாததாகிவிடும். இறக்கத்தில் மிதிப்பே இல்லாமல், நனைந்த கால்களோடு, மணிக்கு 40 கி.மீ. காற்றை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். உதகையிலிருந்து கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையத்துக்கு மழையில் இறங்குபவரின் முழங்கால் மூட்டு விறைத்து, விரல்களுக்கு பிரேக்கைப் பற்றும் வலுக் குறைவது உயிருக்கே கேடாகலாம். உண்மையான நீர்புகாத கால்சட்டைக்குத் தமிழ்நாட்டில் இடம் இருக்கிறதென்றால் அது இந்த இறக்கங்களில்தான். அங்கே அது பையிலிருந்து எடுத்து அணியப்பட வேண்டும், ஏற்றத்தில் மீண்டும் பைக்குள் போக வேண்டும். பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்னும் 1,200 கி.மீ. பயணம் போன்ற ஐரோப்பியப் பயணங்களுக்கு ஆயத்தமாகும் தமிழர்களுக்கும் இதே விதி பொருந்தும். 2007ஆம் ஆண்டின் அப்பயணம் பெரும்பகுதி மழையிலேயே நடந்தது, பலரால் முடிக்க இயலாமற்போனது.

மலைக்காகக் கால்சட்டை வாங்குபவர் அதைக் கடையில் நின்றபடி அணிந்து பார்ப்பது போதாது. ஒரு காலை உயர்த்தி, முழங்காலை மார்பை நோக்கி மடக்கிப் பார்க்க வேண்டும். முழங்காலில் வளைவு வைத்து வெட்டாத கால்சட்டை மடக்கும்போது மேலே ஏறி, கணுக்காலை மழைக்குக் காட்டிவிடும். முதுகுப்புறம் முன்புறத்தை விட உயர்ந்திருக்க வேண்டும், குனியும்போது இடுப்பு திறக்காமல் இருப்பதற்காக. ஷூவைக் கழற்றாமல் அணியக் கெண்டைக்கால் வரை ஜிப் வேண்டும். கணுக்காலில் வெல்க்ரோ பட்டை இல்லாத அகலக் கால் செயினுக்குள் சிக்கிக் கிழியும்; விபத்தும் நேரும். கருநிறத் துணிகளே சந்தையில் மிகுதியாக இருப்பதால், மேலும் கீழும் ஓயாமல் அசையும் கணுக்காலில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை இருக்கிறதா என்று பார்ப்பது, கனரக வாகனங்கள் நிறைந்த நெடுஞ்சாலையில் மாலை மழையில் செல்பவருக்கு மிக முக்கியம்.

வாங்கிய உடை நெடுநாள் உழைப்பதற்குச் சென்னையின் காற்றே தடையாக நிற்கிறது. மலிவு விலை முதல் நடுத்தர விலை வரையிலான பல உடைகளில் நீரைத் தடுப்பது பாலியூரித்தேன் என்னும் பூச்சு. அதில் ஒரு வகை, வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் நீரோடு வினைபுரிந்து மெல்லச் சிதைகிறது. இவ்வினையை நீராற்பகுப்பு என்பர். மடித்து, ஈரம் காயாமல், பீரோவின் அடித்தட்டில் ஓர் ஆண்டு கிடந்த உடையை மறு அக்டோபரில் விரித்தால், உட்புறம் பிசுபிசுத்து, தோல் உரிவது போலப் பூச்சு உரிவதற்குக் காரணம் இதுவே. ஒவ்வொரு பயணத்துக்கும் பின் நிழலில் முழுதும் உலர்த்தி, இறுக மடிக்காமல் காற்றோட்டமாகத் தொங்கவிட்டால் அதன் ஆயுள் பல மழைக்காலங்களுக்கு நீளும்.

மிதிவண்டியும் மழையுடையும் செய்யும் நிறுவனங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கலாம். இந்தியாவில் விற்கும் மழையுடையின் சீட்டில், ஆய்வகத்தின் வறண்ட காற்றில் கிடைத்த எண்ணோடு, 25 பாகையும் 95 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் அதே துணி எத்தனை கிராம் ஆவியைக் கடத்துகிறது என்பதையும் அச்சிட வேண்டும். வாங்குபவர் எந்த ஊர் மழைக்கு எதை வாங்குகிறார் என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடும். ஆண்டில் மூன்று மாதம் மழை பெய்யும் இம்மண்ணில் விற்கும் ஒவ்வொரு கியர் சைக்கிளின் சட்டத்திலும், மட்கார்டைப் பூட்டுவதற்கான திருகுத்துளைகளை வைத்தே அனுப்ப வேண்டும்.